கடன் தீர்வு நிறுவனமா, கடன் ஆலோசனை நிறுவனமா: செக்யூரிட்டி கிளியரன்ஸுக்காகக் காத்திருந்த ஒருவனின் மதிப்புரை

அமெரிக்காவில் கடனில் சிக்கியவர்களைக் கரையேற்றுவதாகச் சொல்லும் இரண்டு வகை நிறுவனங்களுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக, நான் வாடிக்கையாளனாக இருந்திருக்கிறேன். முதலாவது, வங்கிகளிடம் பேரம் பேசி அசலையே குறைத்துத் தருவதாக வாக்களிக்கும் லாப நோக்குள்ள கடன் தீர்வு நிறுவனம். இரண்டாவது, வட்டியைக் குறைக்கச் செய்து, மாதத் தவணையை நம்மிடம் வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் லாப நோக்கற்ற கடன் ஆலோசனை நிறுவனம். இரண்டின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நான் பட்டது அந்த இரு நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று, அந்த வகைச் சேவைகள் வேலை செய்யும் முறைக்கே உரியது என்பது ஒரு காரணம். இவற்றைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் எத்தனை டாலர் மிச்சமாயிற்று என்ற ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கின்றன என்பது மற்றொரு காரணம். ஃபெடரல் அரசின் செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசின் ரகசியங்களைக் கையாள ஒருவருக்குத் தரப்படும் அனுமதி) தேவைப்படும் வேலையில் இருப்பவர்களுக்கும் அதை எதிர்பார்த்திருப்பவர்களுக்கும் அந்தத் தராசு போதாது. அவர்களுக்குக் கடன் எவ்வளவு என்பதைவிட, கடன் வந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள், அதைக் காகிதத்தில் காட்ட முடிகிறதா என்பதே பெரிய கேள்வி.

என் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட விர்ஜீனியாவில் மென்பொருள் வேலை. நான் இருந்த நிறுவனம் கையில் வைத்திருந்த ஒப்பந்தம் மறு ஏலத்தில் வேறொரு நிறுவனத்துக்குப் போனதால், 2023 ஆகஸ்ட்டில் வேலை போயிற்று. டிசம்பரில், பழைய சம்பளத்தில் முக்கால் பங்குக்கு ஒரு வேலை கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் வீட்டு வாடகை தவிர மற்ற அனைத்தும் கிரெடிட் கார்டுகளில் ஏறின. ஏற்கெனவே இருந்த பாக்கியோடு சேர்த்து 11,200, 9,600, 6,100, 4,500 என்று நான்கு கார்டுகளில் மொத்தம் 31,400 டாலர். குறைந்தபட்சத் தவணையை எப்படியோ கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் வானொலி விளம்பரம் ஒன்றைக் கேட்டு, 2024 ஜனவரியில் அந்தக் கடன் தீர்வு நிறுவனத்துக்கு அழைத்தேன்.

தொலைபேசியில் பேசியவர் மிகவும் கனிவாகப் பேசினார். கார்டுகளுக்குப் பணம் கட்டுவதை இன்றே நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பதிலாக மாதம் 520 டாலரைத் தனிக் கணக்கு ஒன்றில் போட்டுவர வேண்டும், அந்தக் கணக்கில் போதிய தொகை சேர்ந்ததும் ஒவ்வொரு வங்கியுடனும் பேசி ஏறக்குறைய பாதிக்கு முடித்துத் தருவோம், கட்டணம் பதிவு செய்த கடனில் 22 சதவீதம் என்றார். ஒரு கடனையாவது தீர்த்துக் காட்டாமல் முன்பணம் வாங்கக் கூடாது என்று ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் விதி 2010 முதல் இருக்கிறது. அதை அவர்கள் மீறவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏமாற்று நிறுவனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாத நிறுவனம் அது. சொன்னதைச் செய்தார்கள். செய்த காரியம் என் தேவைக்கு விஷமாக அமைந்தது, அவ்வளவுதான்.

ஏழு மாதக் கணக்கைப் பார்ப்போம். நான் போட்டது 3,640 டாலர். நான்கில் மிகச் சிறிய கார்டின் 4,500 டாலர், வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறி 5,050 ஆகியிருந்தது. அதை 2,500 டாலருக்கு முடித்தார்கள். அவர்கள் கட்டணம், 4,500-இல் 22 சதவீதம், அதாவது 990. கணக்கில் மீந்தது 150. ஆக 5,050 டாலர் கடன் 3,490 டாலரில் தீர்ந்தது, 1,560 டாலர் லாபம் என்று அவர்களுடைய மின்னஞ்சல் வாழ்த்துச் சொன்னது. அதே ஏழு மாதங்களில் மற்ற மூன்று கார்டுகளின் பாக்கி 26,900-இலிருந்து 29,280 டாலராகப் பெருகியிருந்ததை அந்த மின்னஞ்சல் சொல்லவில்லை. கூடியது 2,380. போதாக்குறைக்கு, 2025 ஜனவரியில் அந்த வங்கியிடமிருந்து 1099-சி என்ற படிவம் வந்தது. 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடியான கடனை வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தள்ளுபடியான 2,550 டாலர் என் வருமானத்தோடு சேர்ந்தது. நான் இருந்த 22 சதவீத வரி அடுக்கில் அது 561 டாலர் வரி. சொத்தைவிடக் கடன் அதிகம் என்று காட்ட முடிந்தால் 982-ஆம் படிவத்தின் வழியே இதிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் அந்தக் கணக்கில் ஓய்வூதிய சேமிப்பும் சொத்தாகவே சேரும் என்பதால் எனக்கு அது கிடைக்கவில்லை.

பண நஷ்டத்தோடு போயிருந்தால் இந்த மதிப்புரையை எழுதியிருக்க மாட்டேன். கிரெடிட் கார்டுக்கு 180 நாள் பணம் வராவிட்டால் வங்கி அதைத் தன் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிவிடும். கடன் போய்விடாது, நாம் கடன் வாங்கித் திருப்பிய வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டில் மட்டும் அந்த முத்திரை விழும். என் மூன்று கார்டுகளும் ஜூலையில் ஒருசேர அந்த நிலைக்குப் போயின. அவற்றில் ஒன்றை வங்கி ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அடுத்த மாதமே, பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு வேலை வாய்ப்பு வந்தது. சீக்ரெட் நிலைக் கிளியரன்ஸ் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

கிளியரன்ஸை யாரும் தாமாக விண்ணப்பித்து வாங்க முடியாது. வேலை தரும் நிறுவனமோ அரசு அலுவலகமோதான் ஒருவரை முன்னிறுத்த வேண்டும். முன்னிறுத்தப்பட்டவர் நிரப்ப வேண்டியது எஸ்எஃப்-86 என்ற படிவம். அதன் 26-ஆம் பகுதி முழுக்க முழுக்கப் பணம் பற்றியது. கடந்த ஏழு ஆண்டுகளில் திவால் மனு போட்டது உண்டா, வரி தாக்கல் செய்யாமலோ கட்டாமலோ விட்டது உண்டா, ஏதேனும் கணக்கு வசூலுக்குப் போனதா, நஷ்டமாக எழுதப்பட்டதா, சம்பளத்தில் நீதிமன்றப் பிடித்தம் உண்டா, எந்தக் கடனிலாவது 120 நாளுக்கு மேல் பின்தங்கியது உண்டா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அதற்குள் இருக்கிறது: நாம் வாங்கிய கடன் மட்டுமல்லாமல், மற்றவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் அதில் அடங்கும். மைத்துனர் கார் வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனவர்களை எனக்குத் தெரியும். அவர் தவணை தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவரே.

படிவத்தை நிரப்பும் வாரத்தில், ஊர்க்காரத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எதுக்குண்ணா எழுதுறீங்க? ஏழு வருஷம் போனா கிரெடிட் ரிப்போர்ட்லேர்ந்து தானா விழுந்துடும். அவங்களா கண்டுபிடிச்சா அப்பப் பாத்துக்கலாம்" என்றான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கிளியரன்ஸ் விஷயத்தில் இதைவிட ஆபத்தான அறிவுரை இருக்க முடியாது. கடன் பற்றிய விதி ஒன்று. உண்மையை மறைப்பது பற்றிய விதி வேறு. தெரிந்தே மறைத்தால் கடன் என்ற ஒற்றைப் பிரச்சினை நேர்மை என்ற இரண்டாவது பிரச்சினையையும் கூட்டிக்கொண்டு வரும். அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய ஃபெடரல் குற்றமும் ஆகும். கிரெடிட் ரிப்போர்ட்டை கிளியரன்ஸ் விசாரணை செய்பவர்கள் எடுத்தே தீருவார்கள் என்பது ஒருபுறம். ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிட்ட கடனையும், வழக்குத் தொடரும் காலக்கெடு கடந்த கடனையும் தீர்க்கப்பட்ட கடன்களாக அவர்கள் ஏற்பதில்லை என்பது மற்றொருபுறம். காலம் கடந்ததால் வங்கி வழக்குப் போட முடியாது என்பதும், நாம் நம் கடமையைச் செய்தோம் என்பதும் வெவ்வேறு.

கடனை எடைபோடும் அளவுகோல் கைட்லைன் எஃப் எனப்படுகிறது. 2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருக்கும், சீட்-4 என்று சுருக்கமாக அழைக்கப்படும் உத்தரவில் உள்ள 13 அளவுகோல்களில் அது ஒன்று. இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் கிளியரன்ஸ் இல்லை என்ற வரம்பு அதில் எங்கும் கிடையாது. கிரெடிட் ஸ்கோர் இத்தனை இருக்க வேண்டும் என்றும் கிடையாது. வரவுக்குள் வாழாதவரிடமும் கடனைத் தீர்க்காதவரிடமும் தன்னடக்கக் குறைவோ, விவேகக் குறைவோ, விதிகளை மதிக்காத மனமோ இருக்கலாம் என்பதும், பண நெருக்கடியில் இருப்பவர் பணத்துக்காகத் தவறான வழிக்குப் போகும் அபாயம் கூடுதல் என்பதும்தான் அதன் அடிப்படை. இது வெறும் கற்பனைப் பயமும் அன்று. 1985-இல் சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கிய சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்தால் வந்த கடனில் மூழ்கியிருந்தவர். தேசியப் பாதுகாப்பு முகமையில் பணிபுரிந்து விலகிய ரொனால்ட் பெல்டன் 1979-இல் திவாலாகி, 1980-இல் சோவியத் தூதரகத்தின் கதவைத் தட்டியவர். ஏம்ஸ் பிற்பாடு 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கியும் பல ஆண்டுகள் யாரும் துருவிக் கேட்கவில்லை. விளக்க முடியாத திடீர்ச் செல்வமும் இன்று அதே கைட்லைனில் ஒரு குறையாக எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போது எனக்கு அந்த வீடு நினைவுக்கு வரும்.

கடன் தீர்வு நிறுவனத்தின் அறிவுரை எங்கே என் காலை வாரியது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கைட்லைனில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். கடனைக் கட்ட இயலாமை ஒரு குறை. கட்ட முடிந்தும் கட்ட மனமில்லாமை வேறொரு குறை. வேலை இழப்பு, மருத்துவ அவசரம், மரணம், விவாகரத்து, அடையாளத் திருட்டு போன்ற கைமீறிய காரணத்தால் கடன் வந்து, அந்தச் சூழலிலும் பொறுப்போடு நடந்துகொண்டார் என்று காட்டினால் முதல் குறை பெருமளவு தணியும். 2023 ஆகஸ்ட்டில் வேலை இழந்த என்னிடம் அந்தக் காரணம் தயாராகவே இருந்தது. ஆனால் விசாரணை அதிகாரி என்னை நேரில் பார்த்தபோது ஆகஸ்ட்டைப் பற்றி இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். பின் என் வங்கிக் கணக்குத் தாளில் ஒரு வரியின்மேல் பேனாவை வைத்து, "ஜனவரியில் உங்களுக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது, டிசம்பர் வரை நான்கு கார்டுக்கும் தவணை போயிருக்கிறது, ஜனவரியில் நான்கும் ஒரே நாளில் நிற்கின்றன. என்ன நடந்தது?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரு நிறுவனம் நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை என் வாயாலேயே கேட்டபோது அது எவ்வளவு பலவீனமாக ஒலித்தது என்பதை இன்னும் மறக்க முடியவில்லை.

பேரம் பேசித் தீர்த்த கடன் எல்லாமே கிளியரன்ஸுக்குக் கேடு என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வசூலுக்குப் போய்விட்ட பழைய கடனை நேரடியாகப் பேசி, குறைத்துக் கட்டி, தீர்ந்ததற்குக் கடிதம் வாங்கி வைத்தவர்களுக்கு அது தீர்ந்த கடனாகவே ஏற்கப்படுகிறது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கடனை வேண்டுமென்றே முறித்து, பேரத்துக்காக நாசமாக்கும் அந்த முறைதான் ஆபத்து. திவால் மனுவும் தன்னளவில் கேடு அன்று. அது சட்டம் தரும் வழி, அதனாலேயே கிளியரன்ஸ் மறுக்கப்படுவதில்லை, ஆனால் அங்கே வந்து சேர்ந்த கதை கேட்கப்படும்.

2024 ஆகஸ்ட் இறுதியில் கடன் தீர்வு நிறுவனத்திலிருந்து விலகி, மீந்த 150 டாலரையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போனேன். முதல் அமர்வு இலவசம். ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. ஆலோசகர் முதலில் கடனைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் வைத்துக்கொண்டு, மளிகை, பெட்ரோல், பிள்ளையின் நீச்சல் வகுப்பு, இந்தியாவுக்கு அனுப்பும் பணம் என்று ஒவ்வொரு வரியாக எழுதவைத்தார். இந்தியாவுக்கு அனுப்பும் 300 டாலரை நான் இதர செலவு என்று சொல்லப்போக, அவர் அதற்கென்று தனி வரி ஒன்றைப் போட்டு, "மறைந்திருக்கும் செலவுதான் திட்டத்தை உடைக்கும்" என்றார். கடைசியில் மாதம் 710 டாலர் மிஞ்சுகிறது என்று தெரிந்தது. மூன்று கடன்களுக்கும் சேர்த்து மாதம் 610 டாலர் வீதம் 48 மாதம், நிறுவனத்தின் மாதக் கட்டணம் 35 டாலர் தனி என்று திட்டம் போட்டார்கள். இரண்டு வங்கிகளும் வட்டியை நிறுத்தி உடனே சம்மதித்தன. வசூல் நிறுவனம் ஒரு மாதம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு சம்மதித்தது. 610-ஐ 48-ஆல் பெருக்கினால் 29,280. ஒரு டாலர்கூடத் தள்ளுபடி இல்லை. மிச்சம் என்ற தராசில் இந்தச் சேவைக்கு மதிப்பெண் பூஜ்யம்தான்.

ஆனால் கைட்லைன் எஃப்-இல் கடனைத் தணிக்கும் காரணங்களின் வரிசையில், லாப நோக்கற்ற கடன் ஆலோசனைச் சேவை போன்ற நம்பகமான இடத்தில் ஆலோசனை பெற்றிருப்பதும், பிரச்சினை கட்டுக்குள் வருவதற்கான தெளிவான அடையாளங்கள் இருப்பதும் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன. கடன் கொடுத்தவர்களுக்கு நல்லெண்ணத்தோடு திருப்பிக் கட்டத் தொடங்கி அதில் நிலைத்திருப்பது அடுத்த காரணம். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். கடன் ஆலோசனைச் சேவையை இப்போது நாடியிருக்கிறீர்களா என்று எஸ்எஃப்-86 கேட்கிறது. திவால், வசூல், பிடித்தம் என்ற கேள்விகளின் நடுவே அது உட்கார்ந்திருப்பதால், "ஆம்" என்று எழுதக் கை கூசும். உண்மையில் அந்தப் பகுதியில் நமக்குச் சாதகமாக வேலை செய்யக்கூடிய "ஆம்" அது.

படிவத்தை அக்டோபரில் அனுப்பினேன். பண விவகாரம் காரணமாக இடைக்கால அனுமதி கிடைக்கவில்லை. நிறுவனம் ரகசியமற்ற வேலையில் என்னை உட்காரவைத்துக் காத்திருந்தது, அதற்கு நான் என்றும் நன்றியுடையவன். நேர்காணலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் எழுத்துவழிக் கேள்விகள் வந்தன. ஒவ்வொரு கடனாகப் பெயர் சொல்லி, இப்போதைய நிலை என்ன, கட்டியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டதோடு, மாத வரவு, செலவு, மீதி ஆகியவற்றை எழுதும் தாள் ஒன்றும் இணைத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆலோசகர் எட்டு மாதம் முன்பே என்னிடம் வரிவரியாக எழுதி வாங்கியிருந்த அதே கணக்கு. கட்டங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

இந்த மதிப்புரையின் முக்கியமான பொருள், ஆலோசனை நிறுவனம் கொடுத்த இரண்டு பக்கக் கணக்கறிக்கை. முதல் பக்கத்தில் திட்டத்தின் தொடக்க நாள், மூன்று கடன்களின் தொடக்கத் தொகை, மாதத் தவணை. இரண்டாம் பக்கத்தில் செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு வரிசைகள். ஒவ்வொன்றிலும் என் கணக்கிலிருந்து எடுத்த தேதி, எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு போனது, மீதி எவ்வளவு. அடியில் கட்டியது 4,270, மீதி 25,010 என்ற இரண்டு எண்கள். கடன் தீர்வு நிறுவனத்திலும் ஏழு மாதம் இருந்தேன். அங்கிருந்து என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு வாழ்த்து மின்னஞ்சலும், நான்கில் ஒரு கடன் தீர்ந்ததற்கான கடிதமும், மற்ற மூன்றும் நஷ்டமாக எழுதப்பட்டதற்கான அறிவிப்புகளும்தான். எழுத்துவழிக் கேள்விகளுக்கு இந்த இரண்டு கட்டுக்களையும் அருகருகே வைத்து, ஜனவரியில் நான் செய்தது தவறான முடிவு என்பதையும் ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டு அனுப்பினேன். காரணங்களைப் பட்டியலிட்டு மறுப்பதற்கான அறிவிப்பு வரவில்லை. ஜூலையில் கிளியரன்ஸ் கிடைத்தது.

காத்திருந்த மாதங்களில் எனக்குப் பெரிதும் உதவிய வேறொரு சேவையையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. அதற்குக் காசு கிடையாது. பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகம், டோஹா என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் கிளியரன்ஸ் வழக்குகளில் தந்த தீர்ப்புகளைப் பெயர் நீக்கி வெளியிடுகிறது. அவற்றில் மிகப் பல கைட்லைன் எஃப் வழக்குகள். இருபது முப்பது தீர்ப்புகளைப் படித்தால், எந்த வழக்கறிஞரும் முதல் சந்திப்பில் சொல்லித் தராத ஒரு பழக்கம் பிடிபடும்: எல்லாக் கடனும் தீர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை, நியாயமான ஒரு திட்டமும் அதன்படி நடந்ததற்கான தடயமும் இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள். இனிமேல் கட்டுவேன் என்ற வாக்குறுதிக்கு அவர்களிடம் மதிப்பு மிகக் குறைவு. மறுப்புக்கான காரண அறிவிப்பு வந்த பிறகு அவசர அவசரமாகத் தொடங்கிய தவணைக்கும், அதற்கு வெகு முன்பே தொடங்கிய தவணைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வைக்கிறார்கள். சந்தேகம் எஞ்சினால் அது விண்ணப்பதாரருக்குச் சாதகமாகத் தீர்க்கப்படாது; கிளியரன்ஸ் என்பது யாருக்கும் உரிமையன்று என்று 1988-இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் நிழல் எல்லாத் தீர்ப்பிலும் விழுந்திருக்கிறது. வரி தாக்கல் செய்யாதவர்களிடம் அவர்கள் காட்டும் கண்டிப்பு, கிரெடிட் கார்டு பாக்கி வைத்தவர்களிடம் காட்டுவதைவிடக் கடுமையாக எனக்குப் பட்டது. அரசின் விதியைக் காக்க வேண்டிய வேலைக்கு வருபவர் அரசின் விதியையே மீறியிருக்கிறார் என்ற கோணம் அது.

கிரெடிட் ரிப்போர்ட்டுக்கும் யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களும் சட்டப்படி நடத்தும் ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். மூன்றையும் எடுக்க வேண்டும். என் வசூல் கணக்கு இரண்டில் இருந்தது, மூன்றாவதில் இல்லை. வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பயன் இருந்தது, ஆனால் என் நிலையில் இரண்டாவது மணி நேரத்துக்குத் தேவை இருக்கவில்லை.

ஆலோசனை நிறுவனத்திலும் குறைகள் உண்டு, அவற்றை மறைக்கப்போவதில்லை. கிளியரன்ஸ் என்றால் என்னவென்றே என் ஆலோசகருக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டிய கணக்கறிக்கையை மூன்று முறை கேட்டுத்தான் வாங்கினேன், முதல் இரண்டு முறையும் நான் உறுப்பினர் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு வரிக் கடிதம் வந்தது. ஏழு மாதத்தில் மூன்று ஆலோசகர்கள் மாறினார்கள். வரவு செலவு பற்றிய இணைய வகுப்பு தூக்கத்தை வரவழைக்கும் ரகம், ஆனால் முடித்ததற்குத் தரும் சான்றிதழைப் பதிலோடு இணைத்தேன். பெரிய குறை பணம் அனுப்பும் தேதியில் இருந்தது. என் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி எடுப்பார்கள். நவம்பரில் அதை 24-ஆம் தேதிதான் அனுப்பினார்கள். ஒரு வங்கியின் கெடு 20-ஆம் தேதி. தாமதக் கட்டணம் 38 டாலரை நிறுவனமே கொடுத்துவிட்டாலும், நல்லெண்ணத்தோடு நிலைத்திருப்பதைத் தடயமாகக் காட்ட வேண்டியவனின் தாளில் ஒரு தாமத வரி விழுந்துவிட்டது. அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. இந்த வகை நிறுவனத்தில் சேர்வதற்கு முன், எந்தத் தேதியில் எடுத்து எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள், மாதவாரியான கணக்கறிக்கையைக் கேட்டால் எத்தனை நாளில் தருவீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளியரன்ஸ் கிடைத்துவிட்டதால் திட்டத்தை விட்டுவிடலாமே என்று யாருக்கேனும் தோன்றலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை என்றிருந்த காலம் போய்விட்டது. பாதுகாப்புத் துறைக் கிளியரன்ஸ் வைத்திருப்பவர்கள் அனைவரும் 2021 முதல் தொடர் கண்காணிப்பில் இருக்கிறார்கள். கிரெடிட் ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு வசூல் கணக்கு விழுந்தால் அது தானாகவே அவர்கள் மேசைக்குப் போகும். 120 நாளுக்கு மேல் பின்தங்கினால் நாமே முன்வந்து தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே 48-ஆவது மாதம் வரை அந்த 645 டாலர் போய்க்கொண்டுதான் இருக்கும்.

கடன் தீர்வு நிறுவனத்துக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம். முன்பணம் வாங்காததற்கும், விலகியபோது மீதியைத் தகராறு செய்யாமல் தந்ததற்கும் அந்த ஒன்று. கடன் ஆலோசனை நிறுவனத்துக்கு நான்கு. நவம்பர் 24-ஆம் தேதி இல்லாதிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.